எண்ணெய் மின்னிலையங்களும் தோட்டக் கிணறுகளும்

மின்சாரம் உண்டாக்கும் வழிகளுள் எண்ணெய் எரித்து உண்டாக்குவது மிக்க செலவுடையது. அவ்வாறிருந்தும் அதனை முற்றாகக் கைவிட மின்சார அதிகாரிகள் எளிதில் இசைவதில்லை. அதற்குக் காரணம் என்ன என்பதையும், அந்நிலையங்களை எவ்வாறு வைத்திருந்தால் அயலிலுள்ள தோட்டங்களுக்குக் கேடு வாராது என்பதையும் வலிகாமத்துக் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று. சுன்னாகத்தில் அத்தகைய நிலையங்கள் வாழைத் தோட்டங்களுக்கும் வெங்காயத் தறைகளுக்கும் அயலிலேயே எழுந்தன. அவற்றாற் கிடைத்த நன்மையும் விளைந்த தீமையும் அவர்களையே முதலில் வந்து சேர்ந்தன.

இலங்கையின் மலைநாட்டு அருவிகளைக் கொண்டு மின்சாரம் எடுக்கலாமென்று எஞ்சினியர் டி. ஜே. விமலசுரேந்திர 1918-ஆம் ஆண்டிலேயே விரிவாக எடுத்துக் காட்டினார். 1950-இல் லக்ஷபான நிலையம் தொழிற்படத் தொடங்கிற்று. அங்கே மழையே எரிபொருள், மழைக்கு விலையில்லை. குடாநாட்டில் மலையுமில்லை, அருவியுமில்லை. வழுக்கையாறு ஒன்று உண்டாயினும் அது மாரியில் மட்டும் ஓடி மறைவது. ஆகவே தெற்கிலிருந்து கம்பி வழியாக வரும் மின்சாரத்தையே நம்பவேண்டியிருந்தது. போர்க்காலத்தில் அக்கம்பித் தொடர்பு அற்றுப்போன பின்பு, எண்ணெய் எஞ்சின்களே யாழ்ப்பாணத்துக்கு விளக்கும் வைத்தியசாலைக்கு விசையும் கொடுத்தன. கிளிநொச்சியிலிருந்து சுன்னாகத்துக்கு 132 கிலோவோல்ட் மின்கம்பி 2013-ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தது. ஏறக்குறைய அதே காலத்தில், மூன்று பெரிய எஞ்சின்களுடன் ஏறத்தாழ 24 மெகாவாட் வலுவுள்ள ‘உத்துரு ஜனனி’ என்னும் நிலையத்தையும் இலங்கை மின்சார சபை அங்கே நிறுவிற்று. கம்பி வந்துவிட்ட பின்னர் எண்ணெய் நிலையம் எதற்கு என்று கேட்பார் பலர். அக்கேள்வி நியாயமானதே.

மின்சாரத்தை நெல்லைப் போலக் கோட்டையில் அடைத்து வைத்தல் எளிதன்று. எந்நொடியில் எவ்வளவு செலவாகின்றதோ அந்நொடியில் அவ்வளவும் உண்டாக்கப்பட வேண்டும். நள்ளிரவிற் செலவு குறையும். மாலை விளக்கேற்றும் வேளையில் திடீரென்று ஏறும். இலங்கைக் கட்டண அட்டவணையில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச வேளை என்று வகுக்கப்பட்டிருப்பது இதனாலேயே. அந்நான்கு மணி நேரத்துக்காக ஒரு பெரிய நிலக்கரி நிலையத்தைக் கட்டி மற்றை இருபது மணி நேரமும் சும்மா வைத்திருத்தல், ஆண்டுக்கொருமுறை வரும் கலியாணத்துக்காக நாள்தோறும் பெருங்கிடாரத்தை அடுப்பில் ஏற்றி வைத்திருப்பதை ஒக்கும். கட்டுவதற்குச் செலவு குறைந்ததும், வேண்டும்போது விரைவில் எழும்புவதும், வேண்டாதபோது எரிபொருள் தின்னாது கிடப்பதுமான ஒன்றே அவ்வேளைக்கு உகந்தது. எண்ணெய் எஞ்சினுக்கு இம்மூன்று குணமும் உண்டு.

ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியர் ஒளக்ஸ்பேர்க் நகரில் 1897-ஆம் ஆண்டு ஓட்டிக் காட்டிய எஞ்சின் ஏறக்குறைய 20 குதிரைவலு உடையது. எண்ணெயின் வெப்பத்தில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடவே அது வேலையாக மாற்றிற்று. நீராவி யந்திரங்கள் அதனிற் பாதியும் பெறாதிருந்த காலத்தில் அது பெரும் வியப்பாயிருந்தது. இக்காலத்துப் பெரிய எஞ்சின்கள் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் வேலையாக மாற்றுகின்றன. காற்றைப் பலமாக அமுக்கினால் அது காய்ந்த இரும்பைப் போற் கொதிக்கும். அதனுள் எண்ணெயைத் தூவினால் தீக்குச்சி இல்லாமலே பற்றும். அவ்வெரிவு முசலத்தைத் தள்ள, முசலம் தண்டைச் சுழற்ற, தண்டு மின்பிறப்பாக்கியைச் சுழற்றும். தத்துவம் இவ்வளவே. எஞ்சினைச் சூடாக வைத்திருந்தால் பத்து நிமிஷத்துக்குள் முழு வலுவையும் கொடுக்கும். கொதிகலனில் நீராவி ஏற்றும் நிலையமோ குளிர்ந்து கிடந்தால் எழும்புவதற்குப் பல மணி நேரம் வேண்டும்.

இவ்வேறுபாடு எவ்வளவு பெரிதென்பதை 2020 ஆகஸ்ட் 17-ஆந் திகதி இலங்கை முழுவதும் இருண்டபோது யாவரும் கண்டனர். ஏறக்குறைய ஏழு மணி நேரத்தில் மின்சாரம் திரும்பிற்று. ஆயினும் நுரைச்சோலை நிலக்கரி நிலையம் மீண்டும் முழுமையாக எழும்பும் வரை பல நாட்களுக்கு முறைவைத்து மின்வெட்டு நடந்தது. 2025 பெப்ருவரி 9-இல் மீண்டும் அதே கதை. அம்முறை பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டதே காரணமென்று மின்சக்தி அமைச்சர் கூறினார். வாலில் தீ வைத்து இலங்கையை எரித்த குரங்கின் கதையை அறிந்தவர்களுக்கு, இலங்கையை இருட்டாக்கிய குரங்கின் கதை புதிதாக இருந்திருக்கும். இவ்வாறு எங்கும் மின்சாரம் அற்றுப்போன வேளையில் மற்றை நிலையங்களை எழுப்புவதற்கும் மின்சாரமே வேண்டும். அமுக்கி வைத்த காற்றைக் கொண்டு எவர் உதவியுமின்றித் தானே புறப்படத்தக்க எஞ்சின் ஒன்று இருந்தால் அது முதல் விளக்காக நின்று மற்றவற்றை ஏற்றும். நீர்மின் நிலையங்களும் இவ்வேலையைச் செய்யும். ஆயின் குடாநாட்டுக்குள் அவை இல்லை.

பளையில் 2014-ஆம் ஆண்டு முதல் காற்றாலைகள் சுழல்கின்றன. மன்னாரில் 100 மெகாவாட் காற்றாலைப் பண்ணை 2020-இல் திறக்கப்பட்டது. இவை பெருகப் பெருக எண்ணெய் எரிப்பது குறையும் என்பது மெய். ஆயினும் தென்மேற்குக் காற்று ஓய்ந்த காலத்தில், சூரியனும் மறைந்த பின், ஏதாயினும் ஒன்று அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும். எழுவைதீவில் சூரிய ஒளி, காற்று, மின்கலம், டீசல் ஆகிய நான்கையும் சேர்த்து அமைத்த சிறு நிலையத்தில், முன்னைய மூன்றும் இயலாதபோது மட்டும் டீசலை அழைக்கும் முறை கையாளப்பட்டது. எண்ணெய் எஞ்சினுக்குத் தகுந்த இடம் அதுவே: வீட்டுத் தலைவனாக அன்று, காவற்காரனாக.

காவற்காரனுக்குக் கூலி அதிகம். ஒரு லீற்றர் எண்ணெயிலிருந்து பெரிய எஞ்சின் ஏறக்குறைய நான்கு அலகு மின்சாரம் தரும். ஆகவே எண்ணெயின் விலையை நாலாற் பிரித்தால் ஓர் அலகுக்கு எண்ணெய்ச் செலவு மட்டும் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். லீற்றர் 200 ரூபாவாயின் அலகுக்கு 50 ரூபா எண்ணெய்க்கே போகும். கடையில் வாங்கும் சிறு பெற்றோல் மின்பிறப்பாக்கி லீற்றருக்கு இரண்டு அலகு கொடுத்தாலே பெரிது. இன்னொரு குறையும் உண்டு. எண்ணெய் கப்பலில் வரவேண்டும். கப்பலுக்கு அந்நிய நாணயம் வேண்டும். 2022-ஆம் ஆண்டில் நாணயம் அற்றுப்போனபோது எஞ்சின்கள் பழுதின்றி நின்றன, எரிக்க எண்ணெய் இல்லை. மார்ச்சு மாத முடிவில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு நடந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் ஏற்றப்பட்டது. மண்ணெண்ணெயால் நீரிறைத்து வந்த தோட்டக்காரர் அதன் பாரத்தை நன்கு அறிவர்.

விலையும் தட்டுப்பாடும் காலத்தோடு மாறக்கூடியவை. எண்ணெய் நிலையத்தின் மாறாத தீங்கு வேறொன்று. புகையையும் இரைச்சலையும் பற்றி மக்கள் முதலில் முறையிடுவர். புகையில் கந்தகம் உண்டு என்பதும் இரைச்சல் உறக்கத்தைக் கெடுக்கும் என்பதும் உண்மையே; உயர்ந்த புகைபோக்கியும் தடித்த சுவரும் அவற்றைப் பெரிதும் தணிக்கும். கண்ணுக்கும் காதுக்கும் தெரியாமல் நிலத்துக்குள் இறங்குவதே அஞ்சத்தக்கது.

செலவைக் குறைக்கும் பொருட்டுப் பெரிய எஞ்சின்களில் தெளிந்த டீசலை அன்றிக் கனத்த எண்ணெயை எரிப்பர். மசகு போலக் கறுத்துத் தடித்த இவ்வெண்ணெய், பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல் முதலியவற்றை வடித்தெடுத்த பின் சுத்திகரிப்பு நிலையத்தில் அடியில் எஞ்சுவது. ஆறிய நிலையில் அது குழாயில் ஓடாது. ஆகவே தாங்கியிலேயே அதனைச் சூடாக்கி, பின்பு விரைந்து சுழலும் பிரிகலத்தில் இட்டு, அதிலுள்ள நீரையும் மணலையும் சாம்பற்பொருளையும் பிரித்தெடுப்பர். கடைசியில் நூறு பாகை வெப்பத்துக்கும் மேலாகக் காய்ச்சிய பிறகே எஞ்சினுக்குள் தூவுவர். பிரிகலத்திலிருந்து விழுவது கறுத்த எண்ணெய்ச் சேறு. 24 மெகாவாட் நிலையம் முழு வலுவில் ஓடினால் மணிக்கு 5,000 லீற்றருக்கு மேல் எண்ணெய் குடிக்கும். நூற்றில் ஒரு பங்கே சேறாகின்றது என்று கொண்டாலும் மணிக்கு 50 லீற்றர், நாளொன்றுக்கு 1,200 லீற்றர். இதனோடு மாற்றிய மசகெண்ணெய், எஞ்சின் கழுவிய நீர், குழாய்ப் பொருத்துகளிற் கசிவது ஆகியனவும் சேரும். இவற்றையெல்லாம் எங்கே கொட்டுவது? எண்ணெய் நிலையம் ஒன்றை மதிப்பதற்கு இக்கேள்வியே உரைகல்.

களிமண் நிலமாயின் சிந்திய எண்ணெய் மேலேயே நின்றுவிடக் கூடும். வலிகாமத்தின் நிலம் அவ்வாறானதன்று. மேலே செம்மண் சிறிதளவே. அதன் கீழ் சுண்ணாம்புக்கல். அக்கல் முழுவதும் வெடிப்பும் துளையும் குகையுமாகக் கிடப்பது; நிலாவரைக் கிணற்றையும் கீரிமலை ஊற்றையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாரி மழை அத்துளைகளால் இறங்கிக் கீழேயுள்ள உப்புநீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கின்றது. குடிப்பதற்கும் இறைப்பதற்கும் குடாநாட்டுக்கு உள்ள முதல் அதுவே. மணல் நிலத்தில் நீர் வடிகட்டப்பட்டு மெல்ல நகரும். சுண்ணாம்புக் கல்லின் துளை வழியே வடிகட்டப்படாமல் விரைந்து ஓடும். ஆகவே ஒரு வளவில் ஊற்றியது மறு வளவுக் கிணற்றில் தோன்றுவதற்கு நெடுநாள் வேண்டியதில்லை. எண்ணெய் நீரினும் இலேசானது. அது நீர்மட்டத்தின் மேல் மிதந்து, கோடையில் மட்டம் இறங்கும்போது தானும் இறங்கிக் கல்லின் துளைகளிற் பூசிக்கொள்ளும். மாரியில் மட்டம் ஏறும்போது மீண்டும் கழன்று வரும். கிணற்றை ஒருமுறை இறைத்துக் கழித்துவிட்டால் தீர்ந்தது என்று எண்ணுவார் ஏமாறுவதற்கு இதுவே காரணம்.

சுன்னாகத்தில் நிகழ்ந்தது இதுவே. அங்கே மின்சார சபையின் நிலையத்துக்கு அயலில் தனியார் கம்பெனி ஒன்றும் எண்ணெய் மின்னிலையம் நடத்திற்று. கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாகவும் நீர் நாறுவதாகவும் சனங்கள் முறையிட்டனர். பரிசோதனையில் பெருந்தொகையான கிணறுகளின் நீரில் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் எண்ணெய் காணப்பட்டது. அபாயமில்லை என்ற ஆராய்ச்சி அறிக்கையும் வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. எதனை நம்புவதென்று தெரியாமல் மக்கள் தாங்கி வண்டிகளில் வந்த நீரை வாங்கிக் குடித்தனர். நீதிமன்றக் கட்டளையின்படி 2015-இன் தொடக்கத்தில் அத்தனியார் நிலையம் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டிலேயே உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்கு ஒன்று தொடுக்கப்பட்டு, 2019 ஏப்ரில் 4-ஆந் திகதி தீர்ப்பு வெளியாயிற்று. நிலத்தடி நீர் மாசடைந்ததற்கு அக்கம்பெனி பொறுப்பென்றும், மேற்பார்வை செய்யவேண்டிய அரசாங்கத் தாபனங்கள் தங் கடமையிற் தவறின என்றும் நீதிமன்றம் கண்டது. மாசுபடுத்தியவனே அதற்குரிய செலவைக் கொடுக்கவேண்டும் என்னும் நியாயத்தின்படி, பாதிக்கப்பட்ட குடிகளுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு விதிக்கப்பட்டது. ஒரு பிரதேசத்துக் கிணறுகள் அனைத்தின் மதிப்போடு ஒப்பிட்டால் அத்தொகை சிறிதே. எனினும் கிணற்று நீர் கெட்டதற்கு விலை உண்டு என்று நாட்டின் மேலான மன்றம் ஒப்புக்கொண்டது சிறிதன்று.

இத்தகைய நிலையம் ஒன்று அயலில் வருமாயின் ஊரவர் கேட்கவேண்டியவை கடினமான சாஸ்திர விஷயங்களல்ல. தாங்கிகளைச் சுற்றிச் சீமெந்து அணை உண்டா, அது மிகப் பெரிய தாங்கியின் எண்ணெய் முழுவதும் சிந்தினாலும் கொள்ளத்தக்கதா என்று பார்த்தல் வேண்டும். அணைக்குள் விழும் மாரி மழை எங்கே போகின்றது என்பதை அதனினும் கவனமாகப் பார்த்தல் வேண்டும். மழைநீர் நிறைந்தால் எண்ணெய் மேலே மிதந்து அணையைக் கடந்து முதலில் வழியும். மழைநீரோடு சேர்த்து வாய்க்காலில் திறந்துவிடுவாரும் உண்டு. எண்ணெயையும் நீரையும் பிரிக்கும் தொட்டி இருந்தாற் போதாது, ஐப்பசி கார்த்திகை மழைக்கு அது தாங்குமா என்பதே கேள்வி. சேற்றை எவர் எடுத்துச் செல்கின்றார், எத்தனை லீற்றர் எடுத்தார், எங்கே சேர்ப்பித்தார் என்ற கணக்கும் எழுத்தில் இருக்கவேண்டும். அத்தகைய கழிவைச் சீமெந்துச் சூளையின் கடு வெப்பத்தில் எரித்தழிக்கும் ஏற்பாடு புத்தளத்தில் உண்டு. நிலையம் வருமுன்பே சுற்றியுள்ள கிணறுகளின் நீரைப் பரிசோதித்து முடிவை எழுதி வைத்துக்கொள்ளுதல் மிக முக்கியம். சுன்னாகத்தில் முன்னைய அளவு இன்னதென்று எவரிடமும் சரியான பதிவு இருந்திருக்குமாயின் தர்க்கத்திற் பாதி எழுந்திராது.

இனி, ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு சிறிய எண்ணெய் நிலையம் இருக்கின்றது என்பதை மறக்கலாகாது. நீரிறைக்கும் யந்திரமும், மின்வெட்டுக் காலத்தில் வாங்கிவைத்த மின்பிறப்பாக்கியும் அவையே. இரண்டு அங்குல யந்திரம் ஒன்றின் எண்ணெய்க் கிண்ணத்திற் கொள்வது அரை லீற்றருக்குச் சற்றுக் கூட. குடிநீரில் எண்ணெய் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இலங்கைத் தர நிர்ணயம். அக்கணக்கின்படி ஒரு லீற்றர் கழிவெண்ணெய் 45 இலட்சம் லீற்றர் நீரை அவ்வெல்லைக்குக் கொண்டுவரப் போதும். பழைய எண்ணெயை வேலியோரத்தில் ஊற்றிவிடும் வழக்கம் எவ்வளவு தீதென்பதை இதனால் அறியலாம்.

யந்திரத்தைக் கிணற்றுக் கட்டின் மேல் வைப்பதாயின் அதன் கீழ் விளிம்புள்ள தகரத் தட்டு ஒன்றை இட்டு, சொட்டும் எண்ணெயை வாரமொருமுறை துடைத்தெடுக்க வேண்டும். எண்ணெய் நிரப்புவதும் மாற்றுவதும் கிணற்றடியிலன்றி வேறிடத்திற் செய்யத்தக்கவை. கோடையில் நீர் ஆழமாகும்போது யந்திரத்தைக் கிணற்றுக்குள்ளே இறக்கி ஓட்டுவாருமுண்டு. இது இருவகையாற் கேடு: சொட்டும் எண்ணெய் நேரே நீரில் விழும், புகையிலுள்ள மணமற்ற நச்சுவாயு கிணற்றினுள் தங்கி, இறங்கும் மனிதனை ஓசையின்றிக் கொல்லும். அவ்விடங்களில் நீரில் அமிழ்த்தும் மின்சாரப் பம்பியே ஏற்றது. கழிவெண்ணெயைப் பழைய கொள்கலத்தில் இறுக மூடிவைத்து, வாகனம் பழுதுபார்க்கும் நிலையத்திற் கொடுத்துவிடலாம்.

எண்ணெய் மண்ணிற் சிந்திவிட்டால் நீர் ஊற்றிக் கழுவுதல் கூடாது. கழுவினால் அது கல்லுக்குள் இறங்கும். மரத்தூள் அல்லது உலர்ந்த மண் தூவி உறிஞ்சச் செய்து, கறுத்த மண்ணை வெட்டியெடுத்துத் தடித்த பொலித்தீன் விரிப்பின் மேற் பரப்ப வேண்டும். அதனோடு மட்கிய சாணமும் சிறிது யூரியாவும் கலந்து, ஈரம் உலராமல் வைத்து, இடையிடையே கிளறிவந்தால், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் டீசல் போன்ற இலேசான எண்ணெயைச் சில மாதங்களிற் பெரும்பாலும் தின்றுவிடும். கனத்த எண்ணெயாயின் அவ்வளவு விரைவில் அழியாது. எண்ணெய் பட்ட தறையில் நாற்று மஞ்சளித்தால் நோயென்று மருந்தடிக்க வேண்டியதில்லை; நுண்ணுயிர்கள் எண்ணெயைத் தின்னும்போது மண்ணின் நைதரசனையும் எடுத்துக்கொள்வதாலும், எண்ணெய் பூசிய மண் நீரை ஏற்காததாலும் அவ்வாறாகும்.

கிணற்றில் வானவில் நிறமாக ஆடை படர்ந்திருந்தால் உடனே எண்ணெயென்று முடிவு கட்டலாகாது. இரும்புச் சத்துள்ள நீரிலும் அத்தகைய ஆடை படியும். ஒரு குச்சியால் அதனைக் கலைத்துப் பார்க்கலாம். சிறு துண்டுகளாக உடைந்து உடைந்தபடியே நின்றால் அது இரும்பினால் வந்தது. சுழன்று மீண்டும் ஒன்றாகக் கூடினால் எண்ணெய். எண்ணெய் கலந்த நீரைக் காய்ச்சினாலும் குளோரின் இட்டாலும் அது நீங்காது. சந்தேகமுள்ளோர் நீரைப் பரிசோதனைக்கு அனுப்பும்போது பிளாஸ்திக்குப் போத்தலில் எடுத்தலாகாது. எண்ணெய் அதன் சுவரில் ஒட்டிக்கொள்ள, உள்ள அளவிலும் குறைவாகவே முடிவு வரும். அகன்ற வாயுள்ள, நன்கு கழுவி உலர்த்திய கண்ணாடிப் போத்தலே வேண்டும். அதனை அக்கிணற்று நீரால் அலசாமல் நேரே மொண்டு மூடி, கிணற்றின் இடம், நீர்மட்டத்தின் ஆழம், எடுத்த திகதி, கடைசியாக மழை பெய்த நாள் ஆகியவற்றை எழுதி ஒட்டி, அன்றைக்கே சேர்ப்பித்தல் வேண்டும்.